ஏலக்காய் மூட்டைக்குள் ஒரு ஒயின் பாட்டில்

1

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அடிலெய்டுக்கு வந்த புதிதில், முழுசாக நாலு வருஷம், பாட்டிலின் பச்சை நிறத்தைப் பார்த்துத்தான் நான் ஒயின் வாங்கினேன்.

போடிக்காரர்களுக்கு இது உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏலக்காய் வீட்டில் பிறந்தவன் கண்ணுக்குப் பச்சைதான் தரம். காய் எவ்வளவு பச்சையோ அவ்வளவு மதிப்பு. வெளுத்திருந்தால் மழையில் நனைந்த காய், இல்லாவிட்டால் உலர்த்தப் போனவன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். அந்தப் படிப்போடு ஆஸ்திரேலியக் கடைக்குள் போனேன். வெள்ளைக் கண்ணாடியில் இருந்ததையெல்லாம் ‘வெளுத்த சரக்கு’ என்று ஒதுக்கினேன். கரும்பச்சைப் பாட்டிலாகப் பொறுக்கி எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள், இந்த ஆள் பெரிய விஷயக்காரன் போல என்று எனக்கு வழிவிடுவார்கள்.

ஒருநாள் கடையில் வேலை செய்யும் பெண் என்னிடம் வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். நானும் பெருமையாக விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை, பாவம். “சார், அது கண்ணாடியோட நிறம்” என்றாள். “ஒயின் அதுக்கு உள்ள இருக்கு.”

குடித்த விதம் அதைவிடக் கேவலம். எங்கள் பக்கம் குடிக்கிறவன் எப்படிக் குடிப்பான் என்று உங்களுக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை இறுக்க மூடி, ஒரே மடக்கு. பிறகு ஊறுகாய். பிறகு தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று ஒரு பார்வை. நான் வெள்ளை ஒயினையும் அப்படித்தான் குடித்தேன். என் வீட்டுச் சமையலறையில், என் வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு. உட்கார்ந்து குடிக்கலாம், விளக்கைப் போட்டுக்கொண்டு குடிக்கலாம், பெண்டாட்டியோடு பேசிக்கொண்டே குடிக்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியவே பல வருஷம் ஆனது.

இப்போது தெரியும். பஸ் டிப்போவில் பஸ்களைச் சோதித்து அனுப்புகிற வேலை எனக்கு. நாலு மணிக்கு முடியும். மனைவி செல்வி, போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரி. இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அவளும் வந்தபிறகு சோறு வடித்து, மீன் வறுத்து, ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றி உட்காருவோம். விலை உயர்ந்தது ஒன்றும் இல்லை. ரெண்டு பேர் வெளியே போய் காப்பியும் கேக்கும் சாப்பிட்டால் ஆகிற காசு. ஒரு பாட்டில் மூன்று சாயங்காலத்துக்கு வரும். மூன்றாவது நாள் கடைசிக் கிளாஸ் யாருக்கு என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

2

மகள் மலர்விழி இங்கேயே பிறந்தவள். இருபத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போடிக்குப் போன் போட்டு என் மதினியோடு, அதாவது என் அண்ணன் மனைவியோடு, பேசிப் பேசி, தமிழ் ஓரளவு வந்துவிட்டது. மரியாதை மட்டும் பிடிபடவில்லை. பெரியப்பாவை “நீ” என்பாள். பக்கத்து வீட்டு நாயை “வாங்க, உக்காருங்க” என்பாள்.

அவள் ஒயின் தயாரிக்கிற படிப்பில் சேரப்போகிறேன் என்று சொன்ன அன்று, நான் கேட்ட முதல் கேள்வி படிப்பைப் பற்றியது அல்ல.

“பெரியப்பாகிட்ட என்னத்தச் சொல்றது?”

“உண்மைய சொல்லு” என்றாள்.

உண்மையைச் சொல்வது அவ்வளவு லேசா? நம் ஊரில் ஒயின் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். ஒயின்ஷாப். அங்கே ஒயின் குடிக்கிறவன் ஒருத்தனும் கிடையாது என்பது வேறு விஷயம். ‘என் மகள் ஒயின் படிக்கிறாள்’ என்று நான் சொன்னால், ராத்திரி பத்து மணிவரை கம்பிக்குப் பின்னால் நின்று சில்லறை எண்ணுகிற வேலைக்குப் பட்டம் வாங்குகிறாள் என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

அதிலும் என் அண்ணன் சுந்தரம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா போனபிறகு குரங்கணிக்கு மேலே இருக்கிற ஏலத்தோட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அவர் அட்டைக்கடியில் நடந்ததால்தான் நான் பாலிடெக்னிக் படித்தேன். எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. மூத்தவர் முன்னால் தம்பி குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. தம்பிக்கு ஐம்பத்துமூன்று வயதானாலும் இதே சட்டம்தான். வீடியோ காலில் அண்ணன் முகம் வந்தால் என் கை தானாகவே கிளாஸைப் பழக்கூடைக்குப் பின்னால் தள்ளும். மலர் ஏழு வயதில் அதைப் பார்த்துவிட்டு, “அப்பா, இது நீ திருடுனதா?” என்று கேட்டிருக்கிறாள்.

ஆகவே போனில் நான் சொன்னது இது: “பழச்சாறு சம்பந்தமான படிப்புண்ணே.”

“நல்லதுதானப்பா. ஆரஞ்சா, மாம்பழமா?”

“தெராச்சண்ணே.”

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நான் செல்வியிடம் வாதாடினேன். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அண்ணனோ ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கம்பம் ஊரில் திராட்சை போட்டிருக்கிற பங்காளி ஒருவர், பிள்ளை படித்து முடித்து வரட்டும், நம்ம பக்கமே ஜூஸ் கம்பெனி போட்டுவிடலாம் என்று இடம்கூடப் பார்த்துவிட்டார்.

போன அறுவடையில் மலர் வேலை பார்க்கிற சின்ன ஒயின் ஆலையில் ஒரு தொட்டியை முழுசாக அவள் பொறுப்பில் விட்டார்கள். அதுவரை குழாய் இழுப்பதும் தொட்டி கழுவுவதும்தான். அந்த ஆறு வாரமும் தொட்டிக்குள் என்ன சூடு இருக்கிறது என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. மாசக்கணக்கு கழித்து ஒருநாள், திருகு மூடி போட்ட ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கடைகளில் அடித்தட்டில், நான் வாங்குகிற விலைக்கு விற்கிற ஒயின்.

எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். காதுக்குக் கீழே தாடையைச் சுண்டி இழுக்கிற புளிப்பு. நான் இன்னொரு கிளாஸ் ஊற்றினேன். அப்புறம் இன்னொன்று. அந்தப் பாட்டில் மூன்று சாயங்காலம் வரவில்லை. மறுநாள் டிப்போவில் பஸ் ஓட்ட வந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். போடிக்கு மட்டும் சொல்லவில்லை.

“பொங்கலுக்குப் போடி போறப்ப பெரியப்பாவுக்கு ஒண்ணு கொண்டுபோறேன்” என்றாள் மலர். “விளைச்சல், சரக்கு எல்லாம் தெரிஞ்ச ஆளு நம்ம வீட்டுல அவரு ஒருத்தர்தான். நீ பஸ்சு பாக்குற ஆளு.”

“சமயம் பாத்து நானே சொல்றேன், ஆத்தா.”

“பொங்கலுக்குள்ள சொல்லு. இன்னொரு தடவ நீ ஜூஸுன்னு சொன்னா நான் போடிக்கு வர்றது இதான் கடைசி. நான் செய்யிற வேலைய சொல்ல முடியாத ஊருக்கு நான் எதுக்கு வரணும்?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்திச் சமாளித்திருப்பேன்.

3

மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி, “பெட்டியில என்ன இருக்கு?” என்று கேட்டார். ஆளுக்கு ரெண்டு லிட்டர் ஒயின் சட்டப்படியே கொண்டுவரலாம் என்று எனக்குத் தெரியும். நாலு தடவை படித்து வைத்திருந்தேன். இருந்தும் என் வாய், “துணிமணி சார், சாக்லேட்டு” என்றது. பக்கத்திலிருந்து மலர், “ஒரு ஒயின் பாட்டில். நான் செஞ்சது” என்றாள். அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, என் பெட்டியை மட்டும் திறக்கச் சொன்னார்.

போடி வீட்டுக்குப் போனதும் பாட்டிலை என்னிடம் கொடு, நான் சொல்லும்போது எடுத்துத் தருகிறேன் என்று மலரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். எங்கே வைப்பது? பெட்டியைச் சாக்லேட்டுக்காகச் சொந்தக்காரப் பிள்ளைகள் மணிக்கொரு தரம் திறக்கிறார்கள். பிரிட்ஜ் மதினியின் ராஜ்யம். பீரோ அண்ணன் அறையில். கடைசியில் உள்ளறையில் ஐந்து மூட்டை ஏலக்காய் இருந்ததைப் பார்த்தேன். கடைசிப் பறிப்பு. உலர்த்திக் கட்டி வைத்தது. பொங்கல் முடிந்துதான் ஏலத்துக்குப் போகும் என்று மதினி சொல்லியிருந்தார். ஒயினை இருட்டில், குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்பது விதி. அந்த அறை இருட்டு. குளிர்ச்சி. ஓரத்து மூட்டையின் வாயை அவிழ்த்து, பாட்டிலை நடுவில் ஆழமாகச் செருகி, மறுபடி கட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், பயணக் களைப்பில் பத்து மணிவரை தூங்கி எழுந்தால் உள்ளறை காலி.

“மதினி, மூட்டையெல்லாம் எங்க?”

“உங்க அண்ணன் விடிய ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாகளே. வெல நல்லா இருக்காம், வெரசா போட்டுறணும்னாக. மலரும் பாக்கணும்னு கூடப் போயிருக்கு. ஏன் கொழுந்தனாரே, மூஞ்சி இப்பிடி வெளுத்துப் போச்சு?”

4

ஏலத்துக்குக் காயை ஒப்படைக்கிற கிட்டங்கிக்கு நான் ஆட்டோவில் போய் இறங்கியபோது மூன்று மூட்டை கொட்டியாகிவிட்டது. தரையில் படுதா விரித்து மூட்டையைக் கொட்டிக் கலந்து, சாம்பிள் எடுத்து, எடை போடுவார்கள். சுற்றிலும் வியாபாரிகள் நிற்பார்கள். சுந்தரம் காய் என்றால் அந்த இடத்தில் ஒரு மரியாதை உண்டு. கொட்டினால் காயோடு ஒரு குச்சிகூட வராது.

நாலாவது மூட்டையைச் சாய்த்தார்கள். பச்சைப் பசேலென்று காய் சரிந்தது. பின்னாலேயே, காய்மேல் உருண்டு, பாட்டில் வந்து அண்ணன் காலடியில் நின்றது.

முப்பது வருஷமாக அண்ணனிடம் காய் வாங்குகிற காதர் பாய்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“இந்த வருசம் வெளச்சல் பெருசுண்ணே. காயி ஒண்ணொண்ணும் முக்கா லிட்டரு.”

கிட்டங்கியே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. குனிந்து பாட்டிலை எடுத்து, தோள் துண்டால் தூசியைத் துடைத்து, நிமிர்ந்தார்.

“யாரோடது இது?”

சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. அன்றைக்கு ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று நான் உன்னிப்பாகப் படிக்க ஆரம்பித்தேன்.

“யாரோடதா இருக்கும்? மூட்ட கட்டுன ஆளக் கேளுங்க” என்றார் ஒரு வியாபாரி. “பாண்டி, நீ எப்ப இருந்துப்பா சீமச் சரக்குக்கு மாறுன?”

பாண்டி அண்ணனிடம் பத்து வருஷமாக வேலை பார்க்கிறவர். ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். குடித்துக் குடித்து, அதை விட்டு மூன்று வருஷம் ஆனவர். “சத்தியமா நான் இல்லண்ணே” என்றார். குரல் உடைந்துவிட்டது. யாரும் அவரை நம்பின மாதிரி தெரியவில்லை.

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். நான் எமகண்டத்துக்குப் போய்விட்டேன்.

“பாண்டி அண்ணன் இல்ல.” மலர் ஜீப்புப் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். “பெரியப்பா, அது என்னோடது. நான் செஞ்சது.”

“என்னத்தா சொல்ற?”

“ஜூஸ் இல்ல. நான் ஜூஸ் படிக்கல. ஒயினு செய்யப் படிச்சேன். இது என் தொட்டியில வந்தது. உனக்குத்தான் கொண்டுவந்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். “மூட்டையில வச்சது நான் இல்ல.”

கிட்டங்கியில் இருந்த அத்தனை கண்களும் காலண்டர் பக்கம் திரும்பின.

“நாந்தாண்ணே…” என்று ஆரம்பித்தேன்.

“நீ சும்மா இரு” என்றார் அண்ணன். அதற்குமேல் என் பக்கம் பார்க்கவில்லை. பாண்டியிடம் போய் அவர் தோளில் கை வைத்து, “தப்பா நெனச்சிட்டாக, மனசுல வச்சுக்காத” என்றார். பிறகு குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ரெண்டு கையாலும் காயை அள்ளி முகர்ந்து பார்த்தார். ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு சொட்டுக் கசிந்திருந்தாலும் மொத்தச் சரக்கும் போச்சு. மூன்று இடத்தில் அள்ளிப் பார்த்தார். காதர் பாயும் குந்தி, அள்ளிப் பார்த்து, “ஒண்ணும் இல்லண்ணே, சுத்தம்” என்றார்.

அண்ணன் குந்தியபடியே மலரை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“எப்பப் பறிப்பீக?”

“விடியறதுக்கு முன்னாடி. பழம் குளிர்ச்சியா இருக்கணும்.”

“மழ பெஞ்சுட்டா?”

“அழுகிரும். வானத்தப் பாத்துப் பாத்து, மழைக்கு ரெண்டு நாள் முந்தியே பறிச்சோம் இந்தத் தடவ. நாந்தான் சொன்னேன். கொஞ்சம் பயமா இருந்துச்சு.”

“உங்களுக்கும் அதே ரோதனதானா?” அண்ணன் வியாபாரிகளைப் பார்த்தார். “பெறகு? எங்க காயிக்கு மாதிரி சூடு போடணுமா?”

“இல்ல, நீ ஸ்டோர்ல சூட்டக் கூட்டிட்டா காயி வெளுத்துரும்ல? எனக்குத் தொட்டி சூடாச்சுன்னா வாசமெல்லாம் பறந்துரும். அதனால குளிர வச்சுக்கிட்டே இருக்கணும். மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பாக்கணும்.”

ஸ்டோர் என்றால் எங்கள் பக்கம் காய் உலர்த்துகிற கூடம். இந்தப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் போனில் மதினியோடு நகையும் புடவையும்தான் பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

காதர் பாய் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “நான் இதத் தொடமாட்டேன்மா. ஆனா வியாபாரி, கேக்காம இருக்க முடியாது. இது ஒண்ணாந் தரமா?”

மலர் யோசித்தாள். “இல்ல பாய். ரெண்டாந் தரம். ஒண்ணாந் தரம் வேற தொட்டி, அத என்கிட்ட இன்னும் தரல. இது சாதாரண ஆளுக, தெனமும் வீட்டுல சாப்பாட்டோட குடிக்கிறது.”

“கேட்டுக்கங்கப்பா” என்றார் காதர் பாய் சுற்றி நின்றவர்களிடம். “எஞ்சரக்கு ரெண்டாந் தரம்னு தன் வாயால சொல்ற ஆள இந்தக் கிட்டங்கியில நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

பெருமைப்பட எனக்கு அன்றைக்கு எந்த உரிமையும் இல்லை. இருந்தாலும் பட்டேன்.

5

வீட்டுக்கு வந்து அண்ணன் பாட்டிலை மதினியிடம் கொடுத்தார். மதினி அதை மாவுச் சட்டிக்கும் தயிருக்கும் நடுவில் குளிர வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். பழக்கதோஷத்தில் நான் எழுந்து வாசல் கதவைச் சாத்தப் போனேன்.

“கதவ எதுக்குச் சாத்துற?” என்றார் அண்ணன். “தொறந்து வையி.”

போடியில் பட்டப்பகலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டில் திறந்த வீடு அன்று எங்கள் வீடாகத்தான் இருக்கும். தெருவில் தயிர்க்காரி போனாள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணன், “தம்பி மகளோட சரக்கு” என்று இங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, கும்பிட்டுவிட்டுப் போனார்.

எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், வாசம் தெரியாது என்று மலர் கண்ணாடி கிளாஸ்களைத் தேடி எடுத்து ஊற்றினாள்.

அண்ணன் குடிக்கிறவர் இல்லை. அன்றும் குடிக்கவில்லை. கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, காயை நசுக்கிப் பார்க்கிறபோது இருப்பாரே, அப்படி இருந்தார். மலர் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எலுமிச்சங்காத் தோலு” என்றார். இன்னொரு தடவை முகர்ந்தார். “அப்புறம் நனஞ்ச பாற. குரங்கணிக்கு மேல கோடைக்கு அப்புறம் மொத மழ விழுகுறப்ப வருமே, அந்த வாசம்.” மூன்றாவது தடவை. “பூஞ்சணம் இல்ல. காந்தல் இல்ல. சுத்தமாத்தான் செஞ்சிருக்க, ஆத்தா.”

மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய அன்றுகூட அவள் அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் பார்க்கவில்லை.

மதினி ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி போட மறந்துட்டியாத்தா?” என்றார். பிறகு வறுத்த நெத்திலியோடு இன்னொரு வாய். கொஞ்ச நேரத்தில் அவர் கிளாஸ் காலி. செல்வியின் கிளாஸையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“நீயும் எடு” என்றார் அண்ணன் என்னிடம்.

எடுத்தேன். ஐம்பத்துமூன்று வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? உடம்பு தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

“இங்கிட்டுத் திரும்பிக் குடி.”

திரும்பிக் குடித்தேன். அடிலெய்டில் எத்தனையோ சாயங்காலம் குடித்த அதே ஒயின், அதே விலை. ஆனால் மகள் எதிரில், அண்ணன் எதிரில், வெயில் கூடத்துக்குள் வந்து கிடக்க, முதல் தடவையாக எதையும் ஒளிக்காமல் குடித்தேன். நல்ல ஒயின். என் மகள் செய்தது. இதை நான் இப்போது எழுதுவது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்: அது ஜூஸ் இல்லை.

மறுநாள் மலர் அண்ணனோடு தோட்டத்துக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ஸ்டோரில் சூட்டை அளக்க இன்னொரு கருவி எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று ரெண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் சண்டை போட்டார்கள். அவள் “உனக்கு ஒண்ணும் தெரியல பெரியப்பா” என்றாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் அண்ணனிடம் சொன்னதில்லை. அவர் கருவியை இடம் மாற்றி வைத்தார்.

6

ஊர் திரும்புகிற அன்று மதுரைக்குப் போகிற ரயிலில் ஏற்றிவிட அண்ணன் வந்தார். செல்வியும் மலரும் பெட்டிகளோடு ஏறிவிட்டார்கள். நான் நடைமேடையில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதை எடுத்தேன்.

“அண்ணே, நான் அன்னைக்கே உங்ககிட்ட…”

“சரி விடு” என்றார். ஜன்னலுக்குள் மலரைப் பார்த்துக் கையாட்டினார். அவள், “பெரியப்பா, நீ சூட்டக் கூட்டிராத” என்று கத்தினாள். அவர் சரி சரி என்று தலையாட்டினார். வண்டி ஊதியது. நான் படியில் கால் வைத்ததும் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அடுத்த வருசம் பறிப்புக்குப் பிள்ளைய மட்டும் அனுப்பி வையி. நீ வரலேன்னா இங்க ஒரு சோலியும் கெட்டுப்போகாது.”